பள்ளம் ஏழிலிருந்து பதினொரு அழைப்புகள்

நாள் 212, 09:10
செவ்வாயைச் சுற்றும் தொடர்பு நிலையத்திலிருந்து பவளக்கொடி எழுதுகிறேன். இங்கே நான் ஒருத்திதான். கீழே அலைந்து வேலை செய்யும் நாற்பது பேருக்கும் வலைப்பின்னலின் வாசற்காவல் நான். மணிக்கட்டில் நுழைவு அட்டை இருந்தால் கருவிகள் திறக்கும், செய்தி போகும், ஆள் இருக்குமிடம் என் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். அட்டை இல்லாவிட்டால் சாமியே வந்தாலும் விடமாட்டேன். போன மாதம் எவனோ திருட்டுப் பெயரில் நுழைந்து முகாமின் காற்றுக் குழாயை அடைத்தான். அதற்குப் பிறகு நான் போட்ட விதி இது.

துளையிடும் ஜெபராஜின் அட்டை புழுதியில் செத்துவிட்டது. புதியது தர மூன்று நாள் ஆகும். அதுவரை முகாமிலேயே இருக்கச் சொன்னேன். கீழே கல் மாதிரி சேகரிக்கும் என் கணவர் அருளப்பன் அவனுக்காகப் பரிந்து பேசிப் பார்த்தார். நான் மசியவில்லை. "உன் வாசல்ல நானே செருப்பக் கழட்டிட்டுத்தான் வரணும் போல" என்று செய்தி அனுப்பினார். சிரித்துவிட்டேன்.

நாள் 213, 13:05
புழுதிப் புயல். திரையில் எல்லாப் புள்ளிகளும் முகாமுக்குத் திரும்பிவிட்டன, அருளப்பனுடையதைத் தவிர. அது பள்ளம் மூன்றில் அசையாமல் நிற்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. இருப்பது ஒரே மீட்பு வண்டி. அங்கே அனுப்பிவிட்டேன்.

14:22
பள்ளம் ஏழின் வானிலைக் கருவியிலிருந்து எழுத்தில் ஓர் அழைப்பு. அட்டை இல்லை, பெயர் மட்டும்: அருளப்பன். அவர் மூன்றில் கிடக்கும்போது ஏழில் யார்? என் புருஷன் பெயரிலேயே திருட வந்திருக்கிறான். ஆத்திரம் தாங்கவில்லை. படிக்காமலே தடுப்புப் பெட்டியில் தள்ளிவிட்டு, இனி அங்கிருந்து எது வந்தாலும் அதற்குள்ளேயே போய் விழும்படி அந்தக் கருவியையும் அடைத்தேன்.

16:40
வண்டி மூன்றை அடைந்தது. கிடந்தவன் ஜெபராஜ். கால் முறிந்திருக்கிறது. மணிக்கட்டில் அருளப்பனின் அட்டை. நினைவு வந்ததும் அவன் சொன்னது: "அண்ணன்தான் குடுத்தாங்கக்கா. ஏழுல கல்லு பொறுக்கத்தான போறேன், எனக்கு அட்டை எதுக்குன்னாங்க."

16:48
தடுப்புப் பெட்டியைத் திறந்தேன். பதினொரு செய்திகள்.
முதலாவது: "பவளம், நான்தான். மூணுல இருக்கறது ஜெபராஜ். அவன முதல்ல எடு. எனக்கு அஞ்சு மணி வரைக்கும் காத்து இருக்கு."
கடைசி: "பவளம், இருக்கியா?"
வண்டி மூன்றிலிருந்து ஏழுக்குப் போக இரண்டு மணி நேரம்.

16:51
கருவியின் அடைப்பை நீக்கி, இருக்கேன் என்று அனுப்பினேன்.

16:54
"அவன் பொழச்சானா?"
பொழச்சிட்டான் என்று எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். படித்ததற்கான அடையாளம் வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை.

19:02
வண்டி ஏழை அடைந்தது. வானிலைக் கருவியின் மேல் சாய்ந்தபடி இருந்தாராம்.

நாள் 214, 08:00
இறந்தவரின் அட்டையை ஒரு நாளுக்குள் ரத்து செய்ய வேண்டும். அதுவும் என் விதிதான். முகாம் மேசையில் அது கிடக்கிறது, என் திரையில் பச்சையாக எரிகிறது. என்னால் முடியாது. இதைப் படிப்பவர் செய்துகொள்ளுங்கள்.
பள்ளம் ஏழின் கருவி இனி யாரிடமும் அட்டை கேட்காது. திறந்தே வைத்திருக்கிறேன்.