வசனம் அவருடையது, அட்டை நான் வெட்டியது

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கச் சொன்னாள் அம்மா. வேலை பார்க்கிற சலவைக்கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பயப்படாதே, விரல்கள் நன்றாக அசைகின்றன, வாய் அதைவிட நன்றாக அசைகிறது. அதனால் இந்த முறை அவள் சொல்ல நான் எழுதுகிறேன்.

புது வருட ஆராதனையில் வழக்கம்போல வீட்டுக்கு ஒன்றாக, வருடம் முழுவதற்குமான வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். அம்மா எடுத்து நீட்டியதும் முதலில் என் கண்ணில் பட்டது வசனம் இல்லை, அட்டையின் ஓரம். சாய்ந்திருந்தது. நான் வேலை செய்கிற அச்சகத்தில் அந்த அட்டைக் கட்டை வெட்டியவளே நான்தான். கத்தி மழுங்கியிருந்ததால் கட்டு நகர்ந்துவிட்டது, முதலாளி திட்டிவிட்டு, பரவாயில்லை பெட்டியில் போடு என்றார். நான் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அட்டையில், உன் தகப்பன் தேசத்துக்குத் திரும்பிப் போ என்று ஒரே வரி. போதகர் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், இது உங்க மகனுக்கு வந்த கட்டளை. உடனே எழுதிப் போடுங்க, கீழ்ப்படியலைன்னா ஆசீர்வாதம் கைவிட்டுப் போயிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அம்மா விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் கூடவே நின்றவர். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உன் நினைப்புதான் வந்தது. பயிற்சியை இப்போது பாதியில் விட்டால் நீ போயிருக்கிற அந்தக் கப்பல் பட்டறை உன்னைத் திரும்பச் சேர்க்காது என்று நீ சொன்னது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "எழுதுடி, கடவுள் கூப்பிடுறார், எல்லாத்தையும் விட்டுட்டு கிளம்பி வான்னு எழுது" என்றாள். எழுத மாட்டேன் என்றேன். சொன்ன பிறகு என் குரல் எனக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரியுடையது மாதிரி இருந்தது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "வாயில்லாப் பூச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன், இது எப்போடி முளைச்சுது?" என்றாள். நான் வேதத்தை எடுத்து அந்த வரி வருகிற அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். மாமனார் வீட்டில் உழைத்து, சம்பளத்தில் திரும்பத் திரும்ப ஏமாந்த ஒருவருக்குச் சொன்ன வார்த்தை அது. அண்ணனுக்கு மாமனாரே இல்லையே அம்மா என்றேன். அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளிப் போனால் அந்த மனிதரின் மனைவி அப்பா வீட்டுச் சிலைகளைத் திருடி, ஒட்டகச் சேணத்துக்குள் மறைத்து, மேலேயே உட்கார்ந்துகொள்கிறாள். "இதையும் கட்டளைன்னு எடுத்துக்கிட்டா அண்ணன் வரும்போது ஒட்டகத்துக்கு எங்கே போவான்?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே கோபமும் வந்துவிட்டது. "வேதத்தை வெச்சு விளையாடாதடி" என்றாள். விளையாடுவது நான் இல்லை, கடவுள் சொன்னதில் ஒரு வரியை மட்டும் கத்தரித்து அண்ணன் தலையில் கட்டுவதுதான் விளையாட்டு, வசனம் அவருடையது, அட்டை நான் வெட்டியது என்றேன். கடைசியில் அழுதுகொண்டே, "உனக்கு அவன் வேணும்னா நீ கூப்பிடும்மா. கடவுள் கூப்பிட்டார்னு நான் எழுத மாட்டேன், அவர் சொல்லாததை அவர் வாயில வைக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா இடது கையால் மேஜைத் துணியை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "எனக்குத்தான்டி அவன் வேணும். கதவு தட்டுற சத்தம் கேட்டா அவனோன்னு எழுந்திருக்கிறேன். அதை எழுது. பயிற்சியை முடிச்சிட்டே வரட்டும்னும் எழுது." எழுதிவிட்டேன் அண்ணா, இரண்டும் அவள் சொன்னதுதான்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். வேதம் எல்லாம் மனுஷன் எழுதினதுதானே, இதுக்கா இவ்வளவு சண்டை என்று போன தடவை போனில் கேட்டாயே. அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவது என் கைதான். சொற்கள் என்னுடையவை, என் கோபமும் கலந்திருக்கிறது, பிழையும் இருக்கும். ஆனாலும் நீ உறையைப் பிரிக்கும்போது அம்மா கடிதம் என்றுதானே பிரிப்பாய்? அம்மாவால் என் கையைக்கொண்டு உன்னிடம் பேச முடியும் என்றால், கடவுளால் மேய்ப்பனையும் மீனவனையும் கொண்டு பேச முடியாதா? வேதம் அவர் மூச்சு என்று நம்புகிறேன். படிப்பை நிறுத்திவிட்டு அச்சக வேலைக்குப் போனவள் நம்பாமல் என்ன செய்வாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். அவர் மூச்சு என்பதால்தான் அதைத் துண்டு போட எனக்கு மனசு வரவில்லை. போதகரும் அதற்குக் கீழேதான், அம்மாவும் கீழேதான், நீயும் நானும்கூட.

கண்ணாடி போடாமல் இரும்பைப் பற்றவைக்கக் கூடாதாம், ஈரக் காலுறையோடு நிற்கக் கூடாதாம். கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காத்து, போன இடத்தில் உன்னைத் தலைநிமிர்ந்து நிற்க வைக்கட்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறாள். மறக்காமல் வாரம் ஒரு தடவையாவது போன் செய்.

ஒன்று மட்டும் அம்மா சொல்லாமல் நானே எழுதுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் அம்மாவைச் சாட்சி சொல்ல முன்னால் கூப்பிட்டார். மகனுக்குக் கட்டளை வந்தது, மகன் வரப்போகிறான் என்று சொல்லச் சொன்னார். அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், என்னையே பார்த்தாள். பின்வரிசையைத் தாண்டி நான் உட்கார்ந்ததே இல்லை, உனக்குத் தெரியும். எழுந்து போய் மைக்கை வாங்கினேன். வேதத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். திரும்பிப் போ என்ற வரி வந்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். போதகர் என் பக்கம் குனிந்து, "போதும்மா, அந்த ஒரு வசனம் போதும்" என்றார்.

நான் நிறுத்தாமல் அடுத்த வசனத்தை வாசித்தேன்.

அம்மாவின் கையாக,
உன் தங்கை