கண்ணாடித் தொட்டியின் மூடி விஷயமாக

சுருளி வேலப்பர் துணை

மார்க்கையன்கோட்டை,
ஈசுவர வருஷம் ஆனி மாதம் 6

ரங்கூனிலிருக்கும் மகள் கருத்தம்மாளுக்கு உன் அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாவும் மாடுகள் இரண்டும் நீ விட்டுப்போன விரால் மீனும் சுகமாயிருக்கிறோம், மீன் சுகமாயிருப்பது யாரால் என்று உன் ஆத்தா ஊரெல்லாம் வேறு விதமாகச் சொல்லி வருவதால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி வரவேண்டும், போன கடிதத்தில் மாப்பிள்ளை ஒரு பக்கம் எழுதிவிட்டு உனக்கு அடியில் ஒரு விரல் இடம்தான் விட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் முக்கால் பாகம் மீன்தொட்டியை மூடிவைக்க வேண்டும் என்பதுதான். மலை எஸ்டேட் துரை சீமைக்குப் போகும்போது போட்ட ஏலத்தில் மற்றவர்கள் நாற்காலியும் கட்டிலும் எடுக்க, மாப்பிள்ளை கண்ணாடித் தொட்டியையும் அதற்கொரு கண்ணாடி மூடியையும் எடுத்தார், ஆறே மாசத்தில் உன்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தொட்டியை என் வீட்டில் விட்டுப் போனார், நான் ஒன்றும் சொல்லவில்லை. திறந்து வைத்தால் தூசி விழும், பூனை வரும், மீன் துள்ளி வெளியே விழும் என்று இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். போட்டிருக்கலாம், அது சீமை மீனைப் பற்றிச் சீமையில் அச்சடித்த புத்தகம். நம்முடையது நீ வாய்க்காலில் துண்டு போட்டுப் பிடித்த விரால், நாழிகைக்கு ஏழெட்டுத் தரம் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிப் போகிறது, நான் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். அப்படிப்பட்ட பிராணியின் தலைக்குமேல் கண்ணாடியைப் போட்டு மூடு என்பது சரியில்லை என்று, பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் எழுத்துக் கற்ற எனக்கே தெரிகிறது. ஆகையால் மூடியை எடுத்துவிட்டேன், ஒன்றரை வருஷம் திறந்தே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

போன மாசக் கடைசியில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தார்கள். புதுத்தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் அன்று ஒரு குடம் மொண்டுவந்து நிலைப்படியில் தெளித்து மாட்டுக்கும் காட்டுவது நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும். மாட்டுக்குக் காட்டியவன் மீனுக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை செய்ய வேண்டும் என்று அரைக் குடத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டுச் சாமி கும்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருக்கிறது. உன் ஆத்தா தொழுவம், அடுப்படி, குதிருக்கு அடி எல்லாம் தேடி, கடைசியில் கொல்லையில் வாழை ஓரத்தில் கண்டுபிடித்தாள், உடம்பெல்லாம் மண்ணைப் பூசிக்கொண்டு, இன்னும் நாலு முழம் போனால் வாய்க்கால் என்ற இடத்தில் கிடந்தது. உயிர் இருந்தது. மடியில் போட்டு எடுத்துவந்து பானையில் விட்டாள், அரை நாள் ஒருக்களித்தே கிடந்தது, அந்த அரை நாள் எனக்குச் சோறு இல்லை, நானும் கேட்கவில்லை. “பெத்த மக இது ஒண்ணத்தான் நம்மகிட்ட விட்டுட்டுப் போனா, இதக்கூடக் காபந்து பண்ணத் தெரியல, அவ வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்” என்றாள். மடை பார்க்கும் அம்மாவாசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மூடி இல்லாததுனால போகல மாமா, புதுத்தண்ணி வந்தா மீனு ஏறத்தான செய்யும், நீங்கதான அதை வீட்டுக்குள்ள கொண்டாந்து தண்ணி வந்துருச்சுன்னு தாக்கல் சொன்னீக” என்று சிரித்தான். அவன் சொன்னதில் முன்பாதி எனக்குச் சாதகம் என்பதால் எழுதுகிறேன்.

இதைக் கேட்டால் மாப்பிள்ளை புத்தகம் ஜெயித்தது என்பார். ஜெயிக்கவில்லை, தொட்டி இப்போதும் திறந்தேதான் இருக்கிறது, தண்ணீரை மட்டும் நாலு விரற்கடை குறைத்திருக்கிறேன். என் கட்டிலையும் அதன் பக்கத்தில் போட்டிருக்கிறேன், அது அங்கே காற்று நன்றாக வருவதற்காக. அது கிடக்கட்டும். அந்தக் கடிதத்தில் மீனுக்கு முக்கால் பக்கம் போக, மீதிக் கால் பக்கத்தில் உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்புவதாக இல்லை, ரங்கூன் ஆஸ்பத்திரியில் மின்சார விளக்கும் நர்சும் இருக்கிறது, கப்பல் அலைச்சல் ஆகாது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து உன் ஆத்தா அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குனிந்தே உட்கார்ந்திருக்கிறாள், அரிசி இல்லாமலே. ஏழாம் மாசம் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய் மகளைக் கூட்டி வரவேண்டும், ரங்கூன் வரைக்கும் புளிச்சோறே தாங்காது என்பது எனக்கும் தெரியும். ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன், இறங்கி வருவதாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை சொன்னபடி தொட்டியை மூடுகிறேன், புத்தகம்தான் சரி என்று கார்டிலே எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். அவர் உன்னை ஆவணியில் தக்க துணையோடு கப்பலேற்றி அனுப்பட்டும், சென்னைத் துறைமுகத்துக்கு நானே வருகிறேன், தேனி ஸ்டேஷனில் கூண்டு வண்டி நிற்கும். மூடியில் ஒரு விரல் சந்து விட்டுத்தான் மூடுவேன், மாப்பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடு.

வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. குச்சனூரில் உன் பேருக்கு எள் விளக்குப் போட்டிருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும். பதிலில் கப்பல் பேரும் தேதியும் இருந்தால் போதும், வேறு ஒன்றும் எழுத வேண்டாம். மூடியைக் கழுவித் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அய்யா,
வே. சங்கிலி