மோட்டார் இழுத்த கரண்ட்

மாமா,

சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். காரக்குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது, சுட வைத்துக்கொள்.

எலக்ட்ரீஷியன் அமல்ராஜ் காலையில் வந்தார். தண்ணி மோட்டாரை ஓடவிட்டு, ஒயரில் மீட்டரை மாட்டிப் பார்த்து, ஆயிரத்து முந்நூறு வாட் இழுக்கிறது என்றார். நம் மோட்டார் ஒரு ஹெச்.பி., அப்படியென்றால் 746 வாட்தானே என்று நீ போட்ட கணக்கைச் சொன்னேன்.

"அது மோட்டாரு செய்ற வேலைம்மா. அதைச் செய்ய இழுக்கிற கரண்டு எப்பவும் ஜாஸ்திதான். இது பழசு வேற" என்றார்.

மோட்டாருக்கான தனி ஈ.பி. மீட்டரில் உன் கணக்கைவிடக் கூடுதலாக ஓடிய யூனிட் எல்லாம் அதுதான். அந்த லைனில் ஒயர் போட்டு மாடிக்குக் கரண்ட் திருடுகிறான் என்று உன் தம்பி பரத்தைத் தெருவே கேட்கக் கத்தினாய். "ஒயரு எங்க கீதுன்னு நீயே மேல வந்து பாருண்ணா" என்று அவன் எத்தனை தடவை கூப்பிட்டான்! நீ படியேறவே இல்லை.

மாடியைக் காலி செய்துவிட்டு பட்டாபிராமில் பரத் குடும்பம் குடிபோன வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன். கணக்கைச் சொல்லிவிடுவேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது.

வாடகைக்கு மாடியைப் பார்க்க யாராவது வந்தால் சாவி கொடுக்காதே.

யுவராணி

மறந்துவிட்டேன். மோட்டார் போட வேண்டாம். மாடியில் குளிக்க, துவைக்க ஆள் இல்லை. புதன்கிழமை ஏற்றிய தண்ணீரே தொட்டியில் இன்னும் தீரவில்லை.