அம்மா, எனக்கு பிரஷர்

என்னைப் பெத்த அம்மா,

இதை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு பிரஷர் வந்துவிட்டது. சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. உடம்பு பெருத்ததால் வந்த வினை என்கிறார் டாக்டர்.

நீ இருந்தவரை என் உடம்பை யாரும் குறை சொல்ல விட்டதில்லை. "எம்புள்ள ஆபீசரு. தொப்பை இல்லாம எப்படி இருப்பான்?" என்பாய். கூலிக்கு நடவு நட்டு, அரை வயிற்றுக் கஞ்சியோடு படுத்தவளுக்கு என் தொப்பை எப்படிக் குறையாகத் தெரியும்? நானும் அதைப் பெருமையாகத்தான் சுமந்து திரிந்தேன்.

போன வாரம் நீடாமங்கலம் பக்கம், மழையில் மூழ்கிய பயிரைப் பார்க்கப் போயிருந்தேன். அதே வேளாண்மை ஆபீஸ் வேலைதான். பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது. தலை கிறுகிறுத்து வயலுக்குள் சாய்ந்துவிட்டேன். சேற்றிலிருந்து எழ முடியவில்லை.

பக்கத்து மேட்டு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். உன்னோடு நடவுக்கு வருவாரே அஞ்சலை சின்னம்மா, அவரும் அதில் இருந்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் என்னைத் தூக்க முடியவில்லை. ஒரு பெண் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. சின்னம்மா என் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டு, "என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது? சாப்பிட்டியா இல்லியா?" என்று கேட்டார்.

வரும் வழியில் பொங்கலும் பூரியும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த வயதிலும் குனிந்து களை பறிக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வேன், அம்மா?

ஒருவழியாக என்னைக் கரையேற்றி, அவர்களே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் பார்க்கிற பட்டை என் கையைச் சுற்றி வரவில்லை. "பெரிய பட்டை எடுத்துட்டு வாங்க, இவருக்கு இது பத்தாது" என்று நர்ஸ் குரல் கொடுத்ததும் வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர்போல இருந்தார். பொறுமையாகச் சொன்னார்: "வயித்துக் கொழுப்பு சும்மா இருக்காது சார். இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. சிறுநீரகம் உப்பைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தக்குழாய் இறுகும். பிரஷர் ஏறும், பின்னாடியே சர்க்கரையும் வரும். கொஞ்சம் எடை குறைஞ்சாலே பிரஷர் இறங்க ஆரம்பிக்கும். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

வீட்டுக்கு வந்து மாத்திரையை ஆபீஸ் பையில் ஒளித்துவைத்தேன். வரப்பு வழுக்கிவிட்டது என்று உன் மருமகளிடம் சொன்னேன். மறுநாள் சின்னம்மா நலம் விசாரிக்க வந்ததில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"குடிச்சிட்டா விழுந்தீங்க, ஒளிக்கிறதுக்கு?" என்றாள் உன் மருமகள்.

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு நீங்க இருந்தா போதும். வெக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்படிச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அழுதாளா, தெரியாது. கேட்கவும் எனக்கு முகமில்லை.

இப்போது தட்டில் சோறு கொஞ்சம், கீரையும் காயும் நிறைய. ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது வயிற்றைக் கிள்ளுகிறது. அதைப் பசி என்று உன்னிடம் சொல்ல வாய் கூசுகிறது. கேட்டால் சிரிப்பாயா, இல்லை, பதறிப்போய்ச் சோறு போட்டுக்கொண்டு வருவாயா?

வராதே, அம்மா. இந்தக் கொஞ்சப் பசியை நான் பழகிக்கொள்கிறேன். மாத்திரையை விடமாட்டேன், தினமும் நடப்பேன். உன் பேத்தி கல்யாணத்தன்று பந்தியில் நின்று எல்லாருக்கும் என் கையால் பரிமாறுவேன். இது உன்மேல் சத்தியம்.

வெட்கத்தோடு,
உன் ஒரே பிள்ளை செல்வம்