மாமாவின் கடிகாரமும் இருபத்தைந்து நிமிஷமும்

எனக்கென்று இருந்த ஒரே மாமாவுக்கு,

உங்கள் கைக்கடிகாரம் போன வெள்ளிக்கிழமையும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தது. இந்த ஆவணியில் இது மூன்றாவது. பேராதனை ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் பந்தல் போட்டாலும் முதலில் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். "அக்கா, அந்த விழுந்தும் நிக்காத மணிக்கூட்ட ஒருக்கா தாங்க, தாலி கட்டினதும் கொண்டாந்து தந்துருவோம்." நானும் தோல் பட்டியைத் துடைத்து, சாவி கொடுத்து, கைக்குட்டையில் சுற்றி அனுப்பி வைக்கிறேன். திரும்பி வரும்போது கைக்குட்டையில் சந்தனம் மணக்கும். நீங்கள் போகாத கல்யாணத்துக்கெல்லாம் உங்கள் கடிகாரம் போகிறது மாமா. சிரிக்காதீர்கள்.

இந்தப் புகழை அதற்குத் தேடிக்கொடுத்தவர் என் மாமனார். என் கல்யாணத்தன்று நடந்ததை அவர் சொல்லாத வீடில்லை. போன ஆடியில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்தவரை நான் ஊர் அறிய வாயைத் திறக்கவில்லை. இப்போது அவரும் இல்லை, நீங்களும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

மாமா, அன்றைக்கு நீங்கள் செய்ததை நான் பார்த்துவிட்டேன்.

அந்தக் கடிகாரத்தை நீங்கள் முதன்முதலாகக் கட்டிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கினேன் என்றீர்கள். அப்போதெல்லாம் ஆம்பிளை என்றால் சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம்தான். கையில் கட்டுவது வெள்ளைக்காரச் சிப்பாய்களும் துரைசாணிகளும் மட்டும். என் அப்பா, கணக்கப்பிள்ளை என்கிற மரியாதையையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மச்சான், வளையலா? மற்றக் கைக்கு எப்ப?" நீங்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. கையை நீட்டி, "அக்காகிட்டக் கேட்டு ரெண்டு கண்ணாடி வளையல் குடுங்க, போட்டுக்கிறேன்" என்றீர்கள். அம்மா உங்களை ஒரு அடி அடித்தாள்.

கண்டியில் புடவைக் கடையில் நிற்கிற உங்களுக்கு அது பெருமை. தினமும் காலையில் கண்டி ஸ்டேஷனுக்குப் போய்ப் பெரிய கடிகாரத்தைப் பார்த்து உங்கள் கடிகாரத்தைச் சரிபண்ணுவீர்கள். எங்கள் தோட்டத்து நேரத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு ஆட்கள் சீக்கிரம் வந்து நிற்கவேண்டும் என்பதற்காகத் துரை, தேயிலை அரைக்கிற ஸ்டோரின் மணியை ஊர் நேரத்துக்கு முன்னாலேயே அடிக்கச் சொல்வார். எவ்வளவு முன்னால் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அரைமணி என்பார்கள் சிலர், முக்கால்மணி என்பார்கள் சிலர். பஞ்சாங்கம் ஊர் நேரத்தில் இருக்கிறது, நாங்கள் துரை நேரத்தில் இருந்தோம்.

இதற்கு நடுவில்தான் என் கல்யாணம் வந்தது.

முறைப்படி பார்த்தால் நான் உங்களுக்குத்தான். அம்மாவுக்கு நீங்கள் ஒரே தம்பி, நான் ஒரே மகள். பிறந்த நாளிலிருந்தே சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். எனக்குப் பதினேழு முடிந்ததும் அப்பா உங்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். "தோள்ல தூக்கித் திரிஞ்ச புள்ளைய எப்பிடி மச்சான் கட்டுறது? எனக்குப் பதினோரு வயசு எளையவ. நான் நல்ல மாப்பிள்ள பாத்துத் தாறேன்" என்றீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்வதற்கென்ன, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் வீட்டுக்கு உங்களோடு ஓரிரு தடவை வந்துபோன ஒருவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பேராதனைச் சந்தி ஸ்டேஷனில் கொடி காட்டுகிற உங்கள் சிநேகிதரை. அது எப்படியோ உங்களுக்குத் தெரிந்திருந்தது. அவரையே கொண்டுவந்து நிறுத்தினீர்கள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு மேல் ராகுகாலம். மாப்பிள்ளை வீட்டார் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பூசாரி தயார், மேளம் தயார், நான் கூறைப்புடவையோடு உள்ளறையில். தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகாமல் பெண் மணவறை ஏறக்கூடாது. உங்களை மட்டும் காணோம்.

ஸ்டோர் மணி பதினொன்று அடித்தது. மாமனார் எழுந்துவிட்டார். "அரமணி கழிச்சா பத்தர. முடிஞ்சிருச்சு. ராகுகாலத்துல என் மகன் தாலி கட்டமாட்டான். வாங்கடா போவம்." அப்பா ஓடிப்போய் மறித்தார். "முக்கால் மணி சம்பந்தி, போன மாசந்தான் தொர இன்னும் கால்மணி தள்ளி வச்சாரு. இப்பப் பத்தே கால்தான்." மாமனார் கையில் பஞ்சாங்கம் இருந்தது, கடிகாரம் இல்லை. அங்கிருந்த ஒருவரிடமும் இல்லை. வெளியே பெண்கள் கிசுகிசுப்பதும் எனக்குக் கேட்டது. "மொறமாமன் மனசுல என்னமோ இருக்கு. அதான் வரல."

நான் அழவில்லை. அழுதால் மை கலைந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் மாப்பிள்ளையாய் வந்த அந்த மனுஷர் எழுந்து போய்விட்டால் எனக்கு இன்னொரு கல்யாணம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பிடிவாதம். உங்களுக்குத்தான் தெரியுமே.

பின்பக்கம் தண்ணீர்ப் பீப்பாய் சத்தம் கேட்டது. பலகைச் சுவரில் ஒரு விரல் இடைவெளி உண்டு, அதில் கண்ணை வைத்தேன். நீங்கள் நின்றீர்கள். வேட்டியெல்லாம் செம்மண், வலது முழங்கையிலிருந்து இரத்தம் சொட்டியது, நெற்றியில் வீக்கம். சைக்கிளின் முன்சக்கரம் வளைந்து கிடந்தது. இடது கையில் கடிகாரம் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. என் கண்ணுக்கும் அதற்கும் ஒரு முழத் தூரம்தான். சின்ன முள் பத்தைத் தாண்டியிருந்தது, பெரிய முள் எட்டில். பத்து நாற்பது.

பந்தலில் மாமனார் கத்துவதைக் கேட்டீர்கள். கடிகாரத்தைப் பார்த்தீர்கள். ஒரு தடவை கண்ணை மூடினீர்கள். பிறகு பக்கத்துக் குமிழைப் பல்லால் கடித்து இழுத்து, வீங்கிப்போன வலது விரலால் பின்னுக்குத் திருப்பினீர்கள். பெரிய முள் மூன்றுக்கு வந்தது. இருபத்தைந்து நிமிஷம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு பின்கதவால் உள்ளே வந்தீர்கள். அம்மா ஓவென்று அலறினாள். நீங்கள் என்னை மட்டும் பார்த்து, "போவமா புள்ள?" என்று கேட்டீர்கள். தலையை ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். நீங்கள் என் கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப் போனீர்கள்.

பந்தலில் நீங்கள் கையை நீட்டிக் காட்டியதை மாமனார் சாகும்வரை நடித்துக் காட்டுவார். "பிலிமத்தலாவச் சந்தியில வண்டியில இருந்து ஒரு பலாப்பழம் உருண்டு வந்து சைக்கிள்ள மாட்டிக்கிச்சு. இப்பத்தான் விழுந்தேன். பாருங்க, பத்தே கால். கண்டி ஸ்டேஷன் நேரம்." மாமனார் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். டிக் டிக் என்று ஓடியது. "இம்புட்டு அடிபட்டும் நிக்காத மணிக்கூடு பொய் சொல்லுமா?" என்றார். எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வளையல் என்று சிரித்த அப்பாதான் முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துரை மணியை ஒரு மணிநேரமே முன்னால் தள்ளிவிட்டான் என்று முடிவு கட்டி, பழியைத் துரை தலையில் போட்டார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். முதல் இரண்டு வருஷமும் நான் பயந்து செத்தேன். மூத்தவள் பிறந்து மூன்றாம் மாதம் ஜுரத்தில் கிடந்தபோது அந்த இருபத்தைந்து நிமிஷம்தான் என் கண்முன் நின்றது. நீங்கள் அவளைப் பார்க்க வந்து, காலடியில் உட்கார்ந்து, மூஞ்சியைக் கோணலாக்கிக் காட்டினீர்கள். அவள் சிரித்தாள். என் பயம் அன்றோடு போயிற்று. ராகுவுக்கு எங்களைத் தேடி வர வழி தெரியவில்லை போலிருக்கிறது. இப்போது அவளுக்கு வயது பத்து. தம்பிகள் இருவரையும் மேய்க்கிறாள், வாய் அப்படியே உங்கள் வாய்.

போன வருஷம் காய்ச்சல் உங்களை மூன்றே நாளில் கொண்டுபோனது. முப்பதாம் நாள் காரியம் முடிந்து உங்கள் கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் காசிம் நானா. உங்களோடு கடையில் நின்றவர், அலவத்துகொடைக்காரர். தேத்தண்ணி குடித்துக்கொண்டே உங்களைப் பற்றிப் பேசினார். நான் கல்யாணக் கதையைச் சொன்னேன், பலாப்பழம் வரைக்கும். அவர் நெற்றியைச் சுருக்கினார். "அது எப்பிடித் தங்கச்சி பிந்தின? அண்டைக்கி விடிய ஆறரைக்கே வெளிக்கிட்டாரே. நான்தானே சைக்கிளுக்குக் காத்தடிச்சிக் குடுத்த."

அவர் போனபிறகு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பலகை இடைவெளி, பல்லால் இழுத்தது, இருபத்தைந்து நிமிஷம், எல்லாம். ராகுகாலத்தில்தான் அவர் எனக்குத் தாலி கட்டினார் என்றேன். மனுஷர் திடுக்கிடுவார் என்று பார்த்தால் மீசைக்குள் சிரிக்கிறார்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"மணவறையில இருக்கும்போது கீழ பத்தர வண்டி ஊதிக்கிட்டுப் போச்சு. நாந்தான் தெனமும் கொடி காட்டி அனுப்புற வண்டி. நம்ம தோட்டத்துக்குக் கீழ அது வரும்போது பத்தே முக்கால். ஒங்க மாமா கையில அப்பப் பத்து இருவது."

"தெரிஞ்சுமா கட்டுனீங்க?"

"பின்ன? அந்த மனுசன் அந்தக் கோலத்துல வந்து நிக்கிறாரு. நீ நிக்கிற. வண்டி போயிருச்சுன்னு நான் சொல்லவா?"

பார்த்தீர்களா மாமா? நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மூன்று பேரும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாகக் காப்பாற்றி வந்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றோமே, ஒருவராவது சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கலாம்.

அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். சிரித்து முடிந்ததும்தான் அந்த ஆறரை மணி எங்களுக்கு உறைத்தது. காசிம் நானா சொன்னதை அவரும்தான் கேட்டார். நேரம் பார்த்தே பிழைக்கிற மனுஷருக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. கண்டியிலிருந்து தோட்டத்துக்கு ஏழெட்டு மைல். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தாலும் எட்டு எட்டரைக்கு நீங்கள் பந்தலில் நின்றிருக்கவேண்டும். விழுந்ததோ தோட்டத்துக்குப் பக்கத்தில், அதுவும் அப்போதுதான். முழங்கை இரத்தம் காயக்கூட இல்லை.

அந்த இரண்டு மணிநேரம் எங்கே இருந்தீர்கள் மாமா? பேராதனைப் பாலத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களா? திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு தடவையாவது சைக்கிளைத் திருப்பினீர்களா? பிறகு எது உங்களை அப்படி அவசரமாக மிதிக்க வைத்தது, ஒரு பலாப்பழம் உருண்டு வருவதுகூடக் கண்ணில் படாத அளவுக்கு? பெண்கள் கிசுகிசுத்தது பொய்யென்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். நீங்கள் கடைசிவரை கல்யாணம் செய்யாததற்கு நாங்கள் ஆயிரம் காரணம் சொல்லிக் கேலி செய்தோம். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

வீட்டுக்காரர் எழுந்து போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "வந்துட்டாருல்ல புள்ள. அது போதும்."

ஆமாம் மாமா, வந்துவிட்டீர்கள். எங்கெங்கே நின்றீர்களோ, என்னென்ன நினைத்தீர்களோ, அத்தனையையும் தாண்டி, இரத்தம் ஒழுக வந்து என் கையைப் பிடித்து இன்னொருவரிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஆகையால் இந்தக் கேள்விகளை இதோடு விடுகிறேன். இனி எவரிடமும் கேட்கமாட்டேன், எனக்குள்ளேயும் கேட்கமாட்டேன். இதைப் படித்துவிட்டு யாராவது வந்து அன்றைக்கு உண்மையில் என்ன மணி என்று கேட்டால், என் பிள்ளைகள் தலையில் கைவைத்துச் சொல்வேன்: என் மாமா நேரத்துக்கு வந்துவிட்டார்.

உங்கள் கையைப் பிடித்து மணவறை ஏறிய
அக்கா மகள்,
பாக்கியம்