அப்பப்பாவுக்கு இரண்டு திவசம்

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இருந்திருந்தால் என்னோடு சேர்ந்து கத்தியிருப்பீர்கள். அதனால் உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அப்பப்பாவின் படத்தைக் கண்காட்சிச் சுவரிலிருந்து கழற்றி, கோலியர்ஸ் வுட்டிலுள்ள நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பசிபிக் போரின் தொடக்கக் கடற்சண்டைகளைப் பற்றி இங்கே ஒரு சிறு குழு கண்காட்சி வைத்தது. சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிய சிறு கப்பலொன்றில் கரி போட்டுக்கொண்டிருந்த உங்கள் அப்பாவின் படத்தை அவர்கள்தான் கேட்டு வாங்கினார்கள். லண்டனில் ஒரு சுவரில் அவர் இருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டீர்கள்! போய்ப் பார்த்தால், கீழே எழுதியிருக்கிறது: எதிரி கையில் சிக்காமலிருக்க ஆங்கிலேயரே துறைமுகத்தில் மூழ்கடித்த கப்பல், உயிரிழப்பு இல்லை.

ஆங்கிலேயர் பதிவு அப்படி. ஜப்பானியர் பதிவிலோ, சில நாள் கழித்து நடுக்கடலில் பெரிய போர்க்கப்பலொன்றைத் மூழ்கடித்ததாகப் பெருமை. அந்தப் பக்கம் அப்போது வேறு கப்பலே இல்லை, அது அப்பப்பாவின் கப்பல்தான் என்பது உங்கள் வாதம். "ஒருத்தன் என்ர அப்பாவை ஆளில்லாமல் தாட்டான், மற்றவன் போர்க்கப்பலாக்கித் தாட்டான்" என்று சிரிப்பீர்கள். சிரிப்பா அது?

இரண்டு தேதிக்கும் நீங்கள் திவசம் கொடுத்ததைப் பார்த்துக் கோயில் ஐயர் கேட்டது நினைவிருக்கிறதா? "திதி தெரியாதவைக்கு ஆடி அமாவாசை இருக்குத்தானே. ஏன் வருசத்துக்கு ரெண்டு திவசம்?"

"திதி தெரியாத ஆளில்லை ஐயா. ரெண்டு அரசாங்கம் திதிக்கு அடிபடுற ஆள்" என்றீர்கள்.

கண்காட்சி நடத்திய பெண்மணியிடம் நான் கேட்டது ஒன்றுதான். பதிவுகள் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி சேருங்கள், படம் இருக்கட்டும். இடமில்லை என்றார். ஒரு வரிக்கு இடமில்லாத சுவரில் அப்பப்பாவுக்கு என்ன வேலை? எல்லோரும் பார்க்கக் கழற்றினேன்.

சட்டன் ஊரில் இருக்கும் தம்பி போன் எடுத்துக் கேட்டான். "படம் தொங்கினால் காணும், அதுவே போதும் அக்கா. ஏன் சண்டை?"

"ஒருத்தரும் சாகேல்லையாம். அப்ப அப்பப்பா எங்கயடா? வீட்டுக்கு வர வழி தெரியாமல் நிக்கிறாரோ?"

அவன் போனை வைத்துவிட்டான். உங்கள் ஆசையை நான்தான் கெடுத்தேனா அப்பா? அன்றிரவு முழுக்க அதுவே மனதை அரித்தது.

நீங்கள் போனபிறகு அப்பப்பாவுக்கு வரும் முதல் திவசம் இது. இனி அவன்தான் செய்யவேண்டும். ஒரே நாளில் முடிப்போம் என்பான், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். நேற்று மறுபடி போன் எடுத்தான்.

"அக்கா, ரெண்டு நாளும் லீவு போட்டிட்டன். மரக்கறி நான் வாங்கியாறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பப்பாவின் படம் இப்போது உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே ஒன்றும் எழுதவில்லை. உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா, அவர்கள் பதிவைத் திருத்தும்வரை இரண்டு நாளும் இலை போடுவோம். ஒருவருமே சாகாத அந்தக் கப்பலிலிருந்து திரும்பி வராதவருக்கு, இரண்டு நாளும் சோறு படைப்போம்.

விட்டுக்கொடுக்காத உங்கள்
மூத்த மகள்