சாலமோன் கிட்டாருக்கு ஒட்டிச் செய்த கழுத்து

என்னோடு வழக்காடவே பிறந்த என் அன்பு மச்சான் சாலமோனுக்கு,

நீ இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸ் போய்விட்டது. அடுத்ததும் வரப்போகிறது. நம் இருவருக்கும் நடுவில் இருந்த வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. அதைத் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம் நீ.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். "அவருக்கு எழுதறதை ஊரே எதுக்குப் படிக்கணும்?" என்று எஸ்தர் கேட்டாள். உன் கிட்டாரின் கழுத்து ஊரே பார்க்கத்தானே வளைந்தது என்றேன். என் தங்கை அதற்குமேல் பேசவில்லை. உன்னோடு குடும்பம் நடத்தியவள், என்னோடு வளர்ந்தவள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ தோல் பதனிடுகிற டேனரியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன். நான் அதே டேனரியில் தோல் உருட்டுகிற பெரிய மர டிரம்களைச் செய்கிறவன், பழுது பார்க்கிறவன். ரேடியோவில் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்ட நாளிலிருந்து உனக்கு வேறு நினைப்பில்லை. ஒரு பழைய காந்தத்தின் மேல் மயிர் போன்ற கம்பியைச் சுற்றி, அதை உன் வீட்டு ரேடியோவில் மாட்டி, மெட்ராஸில் வாங்கின தந்தியைத் தட்டிக் காட்டினாய். வீடே அதிர்ந்தது. எஸ்தர் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அந்தச் சுருளைப் பற்றி நான் என்றைக்காவது குறை சொன்னேனா? சொல்லமாட்டேன். இன்றைக்கும் அது முதல் நாள் போலவே பாடுகிறது.

கிட்டாரின் உடம்பைப் பலா மரத்தில் நான் செதுக்கினேன். கழுத்துக்குத்தான் வம்பு வந்தது. உப்புத் தோலை ஊறப்போட்டு அலசுகிற டிரம் ஒன்றைப் பிரித்துப் போட்டபோது, அதிலிருந்து ஒரு பலகையை சைக்கிளில் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாய்.

"இத்தினி வருஷம் தண்ணியில கெடந்து உருண்ட கட்டை மச்சான். இனிமே அதுக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாய்.

உப்புத் தண்ணீரில் கிடந்த கட்டை உப்பைக் குடித்து வைத்திருக்கும், ஈரக்காற்று பட்டால் மறுபடி தண்ணீரைத் தேடும், வேண்டாம் என்றேன். நீ கேட்டாயா?

"நீ எந்த ஆசாரிகிட்ட வேலை கத்துக்கினே, எனக்குச் சொல்ல வந்துட்ட?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் யாரிடமும் கற்கவில்லை என்பது உண்மைதான். கெட்டுப்போன டிரம்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். கிட்டார் உன்னுடையது, கட்டையும் உன்னுடையது. செய்து கொடுத்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மூன்றாவது பாட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. காலையிலிருந்து மழை. கழுத்து முறுக்கிக்கொண்டு, தந்தி பலகையை விட்டு எழும்பி, பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் சபை ஹாலெல்லாம் கேட்டது. பாட்டுக்குழுத் தலைவர் மைக்கில் சொன்னார், "சாலமோன், மொதல்ல ஆசாரிய மாத்துப்பா." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

கட்டை என்னுடையது என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறம் நோயில் படுத்துவிட்ட மாதங்களிலும் சொல்லவில்லை. என் வழக்கு அவ்வளவுதான்.

இனி இப்போதைய சேதி. உன் மகள் ரோஸ்லின் டீச்சராகிவிட்டாள். சின்னப் பிள்ளைகளை மிரட்டுகிற குரலில்தான் என்னிடமும் பேசுகிறாள். இந்தக் கிறிஸ்துமஸில் அதே ஹாலில் அப்பாவின் கிட்டாரை வாசிப்பேன் என்று யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள். எஸ்தருக்குப் பயம். "அவரப் பாத்துச் சிரிச்சாங்க, அவரு தாங்கிக்கினாரு. எம் பொண்ணப் பாத்துச் சிரிச்சா நான் தாங்கமாட்டேன். இன்னொரு தடவ வளைஞ்சா அத அடுப்புல வெச்சிடுவேன்" என்றாள். சொன்னால் செய்வாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை ரோஸ்லின் வந்தாள். கிட்டாரின் உடம்பு ஒரு கையில், போர்வையில் சுற்றின மிச்சப் பலகை இன்னொரு கையில். அந்த டிரம் பலகையேதான். நீ பாதியை எடுத்து வைத்திருந்தாயாமே!

போன கழுத்து உலக்கை மாதிரி இருந்தது, என் விரல் சுற்றி வரவில்லை, இதை ஒல்லியாகச் செய்யுங்கள் என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் ஒல்லியாகவும் இருக்கவேண்டும், ஆறு தந்தி இழுத்தாலும் வளையக்கூடாது என்றால் ஒற்றைக் கட்டை உதவாது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினேன். வாலாஜாபேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கின தேக்கு நிலைச்சட்டம் என்னிடம் இருந்தது. எத்தனையோ கோடை காய்ந்த மரம். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கவேண்டும். ஒன்றை அப்படியே வைத்து, மற்றதைத் தலைகீழாகத் திருப்பவேண்டும். ஒன்று இடப்பக்கம் முறுக்கப் பார்த்தால் மற்றது வலப்பக்கம் முறுக்கும். முரடர்கள் இரண்டு பேரை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டினால் யார் எங்கே போகமுடியும்? இரண்டுக்கும் நடுவே ஈட்டி மரத்தில் ஒரு பட்டை, மரத்தின் ரேகை நிமிர்ந்து நிற்கிற மாதிரி. மூன்றையும் ஒட்டிவிட்டால் விரல் சுற்றுகிற அளவுக்கு இழைக்கலாம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் மகள் அல்லவா. உடனே போர்வையைப் பிரித்தாள்.

"அப்ப நடுவுல இத வைங்க மாமா. அப்பா எடுத்து வெச்ச கட்டை."

முடியாது என்றேன்.

"ஒரு பட்டைதானே? அவரு பொருள் ஒண்ணு உள்ள இருக்கட்டுமே."

ஒரு நூல்கூட வைக்கமாட்டேன் என்றேன். உப்பேறின கட்டையில் வஜ்ரம் பிடிக்காது. தோல் சவ்வைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈரம் கண்டால் இளகிவிடும். அவள் முகம் உன் முகம் மாதிரியே இறுகியது. வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன். உன் பலகையையும் ஒரு தேக்குத் துண்டையும் சாரல் படாமல், காற்று மட்டும் படுகிற மாதிரி ஜன்னலோரம் வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டோம். அவள் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். சாயங்காலம் பார்த்தால் தேக்கு தேக்காகவே இருந்தது. உன் பலகை கறுத்து, மேலெல்லாம் வேர்த்திருந்தது.

"தொட்டு நாக்குல வெச்சிப் பாரு" என்றேன்.

வைத்தாள். உப்பு. பலகையைத் திருப்பி மறுபக்கத்தையும் தடவிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியாதா மாமா?"

நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. "நான் சொன்னேன். கேக்கல" என்றேன்.

"அப்ப ஹால்ல உங்களச் சொன்னாங்களே?"

"சொன்னாங்க. உங்கப்பனும் கூடச் சிரிச்சான்."

பலகையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள். கிட்டாரின் உடம்பு என் வீட்டிலேயே கிடந்தது. செத்துப்போனவரைப் பற்றிப் பெற்ற பெண்ணிடம் இப்படியா பேசுவது என்று எஸ்தர் மறுநாள் வந்து சண்டை போட்டாள். பொய் சொன்னால் கழுத்து நேராக நின்றுவிடுமா என்று நானும் விடவில்லை.

ரோஸ்லின் அதற்கப்புறம் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. தேக்கைப் பிளந்தேன். ஈட்டியை இழைத்து, பசை கவ்வுவதற்காக ரம்பப் பல்லால் இரண்டு பக்கமும் கீறினேன். கேட்டவள் வராவிட்டாலும் கழுத்து கழுத்துதானே?

மழை விட்டு நல்ல வெயில் வந்த ஒரு நாள், மரத்தை முற்றத்தில் காயவைத்துச் சூடேற்றி, உச்சி நேரத்தில் வஜ்ரத்தைக் காய்ச்சினேன். டிரம் பலகைகளை இறுக்குகிற மாதிரியே கயிறு சுற்றி ஆப்பு அடித்து இறுக்குவதாகத் திட்டம். ஆனால் பசை ஆறுவதற்குள் இழுத்துக் கட்ட இன்னொரு ஜோடிக் கை வேண்டும். எஸ்தருக்குச் சொல்லி அனுப்பினேன். ரோஸ்லினும் கூடவே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி இழுத்தாள். இழுத்தபடியே சொன்னாள்:

"அம்மா இப்பத்தான் சொல்லுச்சு மாமா. அப்பா ஆஸ்பத்திரியில சொன்னாராம், நீங்க சொன்னதுதான் சரின்னு."

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு அண்ணே. சொன்னா ஆம்பூர்லேருந்து ராணிப்பேட்ட வரைக்கும் தமுக்கு அடிப்பான்னாரு."

என் கையில் கயிறு. பசை இறுகிக்கொண்டிருக்கிறது. விட்டால் மூன்று மரமும் வழுக்கிவிடும். உட்காரமுடியாது, முகத்தைத் துடைக்கமுடியாது. "இழு" என்றேன். ரோஸ்லின் இழுத்தாள்.

ஏன் மச்சான் என்னிடம் சொல்லவில்லை? எத்தனை நாள் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மழை, வேலை, டேனரி என்று என்னென்னவோ பேசினோம். நான் அவ்வளவு பொல்லாதவனா? தமுக்கு அடித்திருப்பேன்தான், ஒப்புக்கொள்கிறேன். அடித்துவிட்டு மறுநாள் உனக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்க மாட்டேனா?

போகட்டும். கயிற்றை அவிழ்த்த அன்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேர். ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழைக்க வைத்தாள். சைக்கிள் சக்கரத்து ஸ்போக் கம்பியை வெட்டி, சுரம் பிரிக்கிற கட்டுகளாகக் குறுக்கே பதித்தேன். தந்தி மாட்டி, முழுசாக முறுக்கேற்றி, மழை கொட்டின அந்த வாரம் முழுக்க ஜன்னலோரமே தொங்கவிட்டேன். அசையவில்லை. எஸ்தர் வந்து தட்டிப் பார்த்தாள். "நிக்குமா?" என்றாள். நிற்கும் என்றேன். அவள் நெற்றியில் சுருக்கம் இன்னும் போகவில்லை. போய்விடும்.

கிறிஸ்துமஸ் அன்று நான் முன்வரிசையில் உட்காரப் போகிறேன். உன் மகள் பயமில்லாமல் வாசிக்கட்டும். அவளைப் பார்த்து யாரும் சிரிக்க நான் விடமாட்டேன், இது உனக்கு என் வாக்கு. தப்பித்தவறி வளைந்தால், பாட்டு முடிகிறவரைகூடக் காத்திருக்கமாட்டேன். எழுந்து நின்று, மரமும் என்னுடையது, வேலையும் என்னுடையது, குற்றமும் என்னுடையது என்று அந்த மைக்கைப் பிடுங்கிச் சொல்வேன். சொல்வது எப்படி என்று நீயும் பார்த்துக்கொள்.

ஆனால் அதற்கு வேலை இருக்காது மச்சான். அது வளையாது.

எஸ்தருக்கு அண்ணனும் ரோஸ்லினுக்கு மாமனுமாகிய
உன் மச்சான்,
ஆசீர்வாதம்